முதல் வரியில் எழுதிய பேர்

அளத்துமேடு, மரக்காணம்
3.9.2025

என் பூச்சிக்கு,

அக்கா கொளஞ்சி எழுதுகிறேன். "தலைவர் அவர்களுக்குன்னு ஆரம்பிம்மா" என்று என் மகள் அருள்மொழி சொன்னாள். என் கைக்கு அது வரவில்லை. பிறந்தபோது பூச்சி மாதிரிதான் இருந்தாய். செந்தமிழ் என்று பேர் வைத்த பிறகும் எனக்கு நீ பூச்சிதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

பத்து தடவை போன் அடித்தேன். ஒரு தடவை எடுத்து, "போன்ல எதுவும் பேசாதக்கா" என்று வைத்துவிட்டாய். அதனால் பக்கத்து வீட்டு ஜான்சியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் தினம் காலை பஸ்ஸில் குயிலாப்பாளையம் வருகிறாள், கெஸ்ட் ஹவுஸில் துணி துவைக்க. உன் புது வீடும் அந்தத் தெருவில்தானாம். நம் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர் வேறு ஊரில் குடியிருப்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காக என்றாய். சரி.

உன் மாமா போய் ஒரு மாதம் தாண்டிவிட்டது. ஜூலை முப்பத்தொண்ணு, வியாழக்கிழமை. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர், "தலை சுத்துதுடி, தண்ணி எடு" என்று வரப்பில் உட்கார்ந்தார். நான் குடத்தைச் சாய்ப்பதற்குள் அவர் சாய்ந்துவிட்டார். குளிப்பாட்டும்போது முதுகு முழுக்க உப்பு ஒட்டியிருந்தது. அதை நீயும் பார்த்தாய். அன்றைக்கு வந்தாய், அழுதாய். ஆனால் பதினாறாம் நாள் கருமாதிக்கு வரவில்லை. அது ஆகஸ்டு பதினைந்து, கொடி ஏற்றணும், கிராம சபை நடத்தணும் என்று ஆள் விட்டுச் சொன்னாய். கொடி ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும் பூச்சி? பஞ்சாயத்து ஆபீஸுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் டேங்குதானே இருக்கிறது.

அதை விடு. எழுத வந்தது வேறு. கருமாதி அன்றைக்கு உன் வீட்டுக்காரர் பந்தலும் நாற்காலியும் தண்ணீர் கேனும் அனுப்பினார், நல்லா இருக்கட்டும். கூடவே நீளமாக ஒரு நோட்டு கொடுத்தார். "வர்றவங்க எல்லாம் பேரெழுதி கையெழுத்து போட்டுட்டுப் போகட்டும் அண்ணி. சகலை எவ்ளோ பேரைச் சம்பாதிச்சாருன்னு நாளைக்குத் தெரியணும்ல" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. முதல் வரியில் நானே என் கையால் உன் மாமா பேரை, "பச்சமுத்து" என்று எழுதினேன். எந்த நோட்டு வாங்கினாலும் முதலில் பேரை எழுதணும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது. அது அவர் நோட்டுதானே. அடுத்த வரியில் எதிர்வீட்டுக் குப்பம்மாள் ரேகை வைத்தாள். சாயங்காலம் அருள்மொழி எண்ணிப் பார்த்து நூற்று நாற்பத்து மூன்று பேர் என்றாள். பந்தல் பிரிக்க வந்தவர்கள் நோட்டையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

அதை வாங்கி அனுப்பு. வேறு எதுவும் கேட்கவில்லை. அவருக்காக வந்தவர்கள் பேரைத் தினம் ஒரு பக்கம் படித்தால் எனக்கும் பொழுது போகும்.

அக்கா


குயிலாப்பாளையம்
8.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். உப்பளத்துக்கு இப்போதே வேலைக்குப் போகாதே, வெயில் இன்னும் குறையவில்லை.

கருமாதிக்கு வராதது தப்புதான். அன்றைய சூழ்நிலை அப்படி. மேலிருந்து வந்த உத்தரவுப்படி அன்று சில வேலைகளை முடித்தாக வேண்டியிருந்தது. நேரில் விளக்குகிறேன்.

நோட்டு பஞ்சாயத்து கிளார்க் அசோகனிடம் இருக்கிறது. ஆபீஸில் பத்திரமாகத்தான் இருக்கும். கொஞ்ச நாள் பொறு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மாமாவின் இறப்பைப் பதிவு செய்துவிட்டாயா? செய்யாவிட்டால் இப்போது போகாதே. அசோகன் பாரத்தோடு வீட்டுக்கே வருவார். அவர் சொல்கிறபடி செய். ஏன் என்று இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
செந்தமிழ்


அளத்துமேடு
16.9.2025

பூச்சி,

கிழிக்கவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நோட்டு கேட்டு ஆபீஸுக்கு மூன்று நாள் நடந்தேன். அசோகன் முதல் நாள் சாவி இல்லை என்றான். இரண்டாம் நாள் மீட்டிங். மூன்றாம் நாள், "அது அரசாங்க ஆவணம்மா, வெளிய தர முடியாது" என்றான். என் புருஷன் கருமாதி நோட்டு எப்படி அரசாங்க ஆவணம் ஆகும் என்று கேட்டேன். அவன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் என்று நேற்றுதான் தெரிந்தது. ரேஷன் கடை சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அருள்மொழி படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். "ஏண்டி நிறுத்திட்ட?" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகப் படித்தாள்.

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி நடந்த கிராம சபையில், அளமும் கடல் தண்ணீர் வருகிற கால்வாயும் சேர்ந்த இடத்தில் ரசாயனக் கம்பெனி வர ஊர் மக்கள் ஒருமனதாகச் சம்மதித்தார்களாம். கலந்துகொண்டவர் நூற்று நாற்பத்து நான்கு பேர். தீர்மானத்தை முன்மொழிந்தவர் பச்சமுத்து. வழிமொழிந்தவர் குப்பம்மாள்.

அந்த அதிகப்படியான ஒரு ஆள் யார் தெரிகிறதா பூச்சி? நான் முதல் வரியில் எழுதிய பேர்.

வரிசையில் நின்றவர்களில் ராஜாங்கம்தான் ஆரம்பித்தான். "டேய், நம்ம பச்சமுத்து தன் கருமாதிக்கு வந்து, சோறு துண்ணாம, கையைத் தூக்கிட்டுப் போயிருக்கான்டா!" எல்லோரும் சிரித்தார்கள். குப்பம்மாள், "நான் வச்ச ரேகை வடை பாயசத்துக்குன்னு நெனச்சேன், கம்பெனிக்கா?" என்றாள். அதற்கும் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் வயிறு எரிந்தது.

உன் மாமாவுக்கு ஊரில் என்ன பட்டப்பேர்? படிச்சுக்காட்டு பச்சமுத்து. எந்தக் கிராம சபையானாலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, "மொதல்ல தீர்மானத்தப் படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்து கேளுங்க" என்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் கேட்டார். மே ஒன்றாம் தேதி கம்பெனித் தீர்மானம் வந்தபோது படிச்சுக் காட்டச் சொல்லி ஒரு மணி நேரம் நின்றார். படித்தார்கள். கால்வாய் போகிறது என்று அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது. கூச்சல் ஆகி, தள்ளி வைத்தார்கள். எந்த மனுஷன் நிறுத்தினாரோ அவரே முன்மொழிந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

நீ ஓட்டுக்கு நின்றபோது பூட்டு சாவிச் சின்னம். நிஜப் பூட்டு ஒன்றை வாங்கிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நானும் அவரும் தெருத்தெருவாகப் போனோம். "எங்க பூச்சி வந்தா எல்லாத்தையும் படிச்சுக் காட்டும்" என்று அவர் வீட்டுக்கு வீடு சொன்னார். அந்தப் பூட்டைத்தான் இப்போது என் கதவுக்குப் போடுகிறேன்.

நீ ஒன்று செய். கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு மனு எழுது. அன்றைக்குக் கிராம சபை நடக்கவில்லை, நான்தான் தலைவர், நானே சொல்கிறேன் என்று எழுது. நீ எழுதினால் போதும்.

அக்கா


குயிலாப்பாளையம்
20.9.2025

அக்கா,

இதை வீட்டில் யாருக்கும் தெரியாமல் பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்குக் கிராம சபைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் மிட்டாய் வாங்க வந்தவர்கள். மற்ற எல்லோரும் உன் பந்தலில் இருந்தார்கள். கொடி ஏற்றிவிட்டு உன் வீட்டுக்கு வரத்தான் செருப்பு போட்டேன். "நீ அங்க போனா கேள்வி வரும், வீட்டுக்குப் போ" என்று என் வீட்டுக்காரர் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார். நோட்டு விஷயம் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். சத்தியமாக அக்கா. உன் எழுத்தை முதல் வரியில் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அசோகனுக்கு உன் எழுத்து தெரியாது. முதல் பேர் என்பதால் முன்மொழிந்தவர் என்று போட்டுவிட்டான். யார் பேர் என்று அவன் பார்க்கக்கூட இல்லை.

தீர்மான நோட்டில் பதவி ஏற்ற முதல் மாதமே இருபது பக்கத்துக்கு வெறும் தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். "அவசரத்துக்கு உன்னைத் தேடிட்டு இருக்க முடியாது" என்றார் இவர். ஊரில் இவரைத்தான் தலைவர் என்று கூப்பிடுகிறார்கள், என்னைத் தலைவர் சம்சாரம் என்கிறார்கள், உனக்குத் தெரியும். இவர் லாரிகள் எல்லாம் இப்போது கம்பெனிக்குத்தான் ஓடுகின்றன. இந்த வீடும் கம்பெனி ஆள் பார்த்துக் கொடுத்தது.

ஓட்டு போட்ட நீங்கள் அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள் வந்தீர்கள். கம்பெனிக்காரர் தினம் காலை வந்து என் ஹாலில் உட்கார்ந்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். நான் தலைவராகச் செய்த வேலை அதுதான் அக்கா.

நான் மனு எழுதினால் போலிக் கையெழுத்து என்று முதல் கேஸ் என் மேல்தான். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

அசோகன் ஒரு வழி சொல்கிறான். இறந்த தேதியை ஆகஸ்டு பதினேழு என்று பதிவு செய்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும். பதினாறாம் தேதியிலிருந்து மாமா கம்பெனி வேலையில் இருந்ததாகக் காட்டி, வேலையில் இருக்கும்போது இறந்தவர் மகள் என்று அருள்மொழிக்கு வேலை தருவார்களாம். டிப்ளமோ முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். மாமா திரும்பி வரப்போவதில்லை. தேதிதானே அக்கா.

நான் எழுதியது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அனுப்புகிறேன்.

பூச்சி


அளத்துமேடு
4.10.2025

பூச்சி,

நேற்று முன்தினம் கிராம சபைக்குப் போனேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். உன் நாற்காலியில் உன் வீட்டுக்காரர் இருந்தார். கம்பெனி செலவில் மோர் கொடுத்தார்கள், எல்லோருக்கும் ஒரு குடை. குடையில் கம்பெனி பேர். என் மடியிலும் ஒன்று வைத்தார்கள். மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுந்தேன். "ஆகஸ்டு மாசத் தீர்மானத்தப் படிச்சுக் காட்டுங்க" என்றேன். பின்னாலிருந்து யாரோ, "படிச்சுக்காட்டு பச்சமுத்து வந்துட்டாருடோய்" என்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். படிக்கச் சொன்னார், படித்தார்கள். "என்னம்மா பிரச்சினை?" என்றார். முன்மொழிந்தவர் அதற்குப் பதினைந்து நாள் முன்னாலேயே செத்துப்போனவர் சார், என் புருஷன் என்றேன். அவர் அசோகனைப் பார்த்தார். அசோகன், "இறப்புப் பதிவேட்டுல அப்படி யாரும் இல்ல சார்" என்றான். "சர்டிபிகேட் இருக்காம்மா?" என்றார். இல்லை. நீ பதிய வேண்டாம் என்றாய், நான் பதியவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டும் இல்லை, வரப்பிலேயே போய்விட்டார். சுடுகாட்டு நோட்டும் அசோகன் கையில்தான். அருள்மொழி போனில் சாவு அன்றைக்கு எடுத்த போட்டோ காட்டினாள். "போன்ல தேதிய யாரு வேணா மாத்தலாம்மா" என்றார்.

அப்போது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நினைவுக்கு வந்தது. பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டினார்களே, அதில் தோற்றம், மறைவு என்று தேதி இருந்தது. கூட்டத்தை விட்டு ஓடினேன். அதன் மேல் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்கிற போஸ்டர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். மேல்காகிதத்தோடு கீழ்க்காகிதமும் உரிந்து வந்தது. அவர் நெற்றியும் ஒரு கண்ணும் "மறைவு" என்கிற எழுத்தும் வந்தன. தேதி சுவரிலேயே நார் நாராகிப் போய்விட்டது. கையில் அதோடு திரும்பி வந்தேன். அதிகாரி கார் ஏறிக்கொண்டிருந்தார். "ரெண்டு சாட்சி வச்சு விண்ணப்பம் குடும்மா, விசாரிப்போம்" என்றார்.

இரண்டு சாட்சி. அன்றைக்குப் பந்தலில் நூற்று நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கேட்டேன். ராஜாங்கம், "எனக்கு தேதி ஞாபகமே இருக்காதுக்கா" என்றான். ரேஷன் வரிசையில் சிரித்தவன். குப்பம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் மருமவனுக்கு அங்க செக்யூரிட்டி வேலை சொல்லிருக்காங்க கொளஞ்சி. அந்த ரேகை நான் கூட்டத்துல வச்சதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். என்னை மன்னிச்சுடு" என்றாள். அளம் போனால் இந்த ஊரில் கம்பெனியை விட்டால் வேறு வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அளத்தைக் கொடுத்ததே அவள் ரேகைதான் என்றும் தெரியும். ஓட்டு அன்றைக்கு எவ்வளவு தைரியமாக மை வைத்துக்கொண்டோம். இப்போது இத்தனை பேரில் ஒருவர் வாயில் ஒரு தேதி வரவில்லை.

இன்னும் நீ இருக்கிறாய். செத்த அன்றைக்கு அவர் காலைப் பிடித்து அழுதாயே. முப்பத்தொண்ணு என்று ஒரு கையெழுத்து போடு. மனு வேண்டாம், கேஸ் வேண்டாம். எங்க மாமா அன்றைக்குச் செத்தார் என்று மட்டும் எழுது. அதுகூட ஒரு தலைவர் எழுத முடியாதா?

அக்கா


குயிலாப்பாளையம்
13.10.2025

அக்கா,

பாரம் இத்துடன் இருக்கிறது. தேதி பதினேழு. முதல் சாட்சியாக நான் கையெழுத்து போட்டிருக்கிறேன். இரண்டாவது குப்பம்மாள். நீ ஒரு இடத்தில் மட்டும் போட வேண்டும், பென்சிலில் குறி வைத்திருக்கிறேன்.

சர்டிபிகேட் இல்லாமல் விதவை பென்ஷன் வராது, வீட்டுப் பட்டா பேர் மாறாது. முப்பத்தொண்ணுக்குச் சாட்சி கிடைக்காது, நீயே பார்த்துவிட்டாய்.

நோட்டு அசல் பைலில் போய்விட்டது. ஜெராக்ஸ் அனுப்புகிறேன். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

செந்தமிழ்


அளத்துமேடு
30.10.2025

பூச்சி,

மழை பிடித்துக்கொண்டது. பாத்தி எல்லாம் தண்ணீர். இந்த வருஷத்து உப்பு முடிந்தது. அடுத்த வருஷம் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று சுவரில் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். படத்தில் நிறைய மரம்.

ஜெராக்ஸ் கிடைத்தது. முதல் பக்கத்துக்கு மேலே "கிராம சபை வருகைப் பதிவேடு" என்று முத்திரை குத்தியிருக்கிறது. அதற்குக் கீழே என் எழுத்து. முத்திரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடம்கூட இல்லை.

உன் பாரம் பன்னிரண்டு நாள் சாமி படத்துக்கு முன்னால் கிடந்தது. அருள்மொழி அதைத் தாண்டித் தாண்டிப் போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. போடு என்றும் இல்லை, போடாதே என்றும் இல்லை. பட்டா கேட்டுப் போனேன், ரேஷன் கார்டுக்குப் போனேன், பென்ஷனுக்குப் போனேன். "உங்க வீட்டுக்காரர் இறந்ததுக்கு என்னம்மா ஆதாரம்?" என்றார்கள் எல்லா இடத்திலும். தாலி அறுத்த கழுத்தைக் காட்டினேன். அது செல்லாதாம். அவர் செத்ததற்கு இந்த உலகத்தில் இரண்டே இரண்டு சாட்சிதான் இருக்கிறது, அதுவும் பொய்த் தேதிக்கு. அந்தத் தேதியில் சாகாவிட்டால் அவர் சாகவே இல்லை.

இன்றைக்குக் காலையில் பென்சில் குறி இருந்த இடத்தில் கையெழுத்து போட்டுவிட்டேன். முழுப் பேரும் எழுதினேன், கொளஞ்சியம்மாள் என்று. அசோகன் காத்துக்கொண்டிருந்த மாதிரி வந்து வாங்கிப் போனான். சாயங்காலமே கம்பெனி ஆள் வந்து அருள்மொழியிடம் ஒரு கவர் கொடுத்தான். "மறைந்த எங்கள் ஊழியர் பச்சமுத்துவின் மகள்" என்று இருந்தது. அவள் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். திங்கட்கிழமை பஸ் வருமாம்.

உன்னைத் திட்டுவதற்கு எழுதவில்லை. இப்போது நானும் போட்டவள். திட்ட எனக்கு வாயில்லை.

ஒன்று மட்டும் என் மண்டையைக் குடைகிறது. அவர் ஜூலை முப்பத்தொண்ணில் செத்தார். காகிதத்தில் ஆகஸ்டு பதினேழு வரைக்கும் இருந்தார். அந்தப் பதினேழு நாளும் நான் வாசலில்தான் கிடந்தேன். வருகிறவர்களின் கால்களையெல்லாம் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஆபீஸுக்கு வந்து பேர் கொடுத்தாராம், தீர்மானத்தை முன்மொழிந்தாராம், கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாராம். ஆபீஸுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் டேங்குதான் இருக்கிறது. அவ்வளவு தூரம் வந்த மனுஷன், ஒரு நாளாவது பசிக்கிறது என்று வீட்டுக்கு ஏன் வரவில்லை பூச்சி?